"ஃபிக்ஸ்டு" என்று எழுதினால் போதாதா? கமிட் மெசேஜ் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மென்பொருள் கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியைப் பயன்படுத்தும் டீம்களிலிருந்து வந்த கேள்விகளில், கமிட் மெசேஜ் (ஒரு மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. மாதிரி மெசேஜ்களும் தமிழில் உள்ளன. உங்கள் ப்ராஜெக்ட் ஆங்கிலத்தில் நடந்தால் அதே அமைப்பில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

எங்கள் டீமில் "ஃபிக்ஸ்", "அப்டேட்", "ரிவ்யூ சேஞ்சஸ்" என்றுதான் மெசேஜ் போடுகிறோம். என்ன மாறியது என்பதை டிஃப்பே காட்டிவிடுகிறதே, அதற்கு மேல் எதற்கு விளக்கம்?
– கோவை வாசகர்

என்ன மாறியது என்பதை டிஃப் (பழைய, புதிய வரிகளின் வித்தியாசப் பட்டியல்) காட்டும் என்பது சரிதான். அதனால்தான் அதையே மெசேஜில் திரும்ப எழுதுவதும் வீண். ஏன் மாறியது என்பதை டிஃப் காட்டாது.

ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வரிக் கணக்கில், ரவுண்ட் செய்யும் ஃபங்ஷன் லூப்புக்கு உள்ளே இருந்தது. அதை ஒருவர் லூப்புக்கு வெளியே நகர்த்தினார். டிஃப்பில் ஒரு வரி கழிந்திருக்கிறது, ஒரு வரி கூடியிருக்கிறது. மெசேஜ்: "வரி ஃபிக்ஸ்". எட்டு மாதம் கழித்து வேறொருவர் வருகிறார். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வரியை இரண்டு தசமத்தில் காட்டச் சொல்லி வேலை வந்திருக்கிறது. "ரவுண்டை உள்ளே வைத்தால் சுலபமாக முடிந்துவிடுமே" என்று பழைய இடத்துக்கே கொண்டுபோகிறார். பழைய பக் திரும்பி வந்துவிட்டது.

அந்த முதல் கமிட் இப்படி இருந்திருக்கலாம்:

> பில்: வரியைக் கடைசியில் ஒரே முறை ரவுண்ட் செய்
>
> ஐட்டம் வாரியாக ரவுண்ட் செய்ததில் மொத்த வரி ஒரு பைசா கூடியது.
> உதாரணம்: ரூ.10.10 விலையில் 3 ஐட்டம், 18% வரி.
> தனித்தனியாக: 1.82 × 3 = 5.46
> மொத்தத்தில்: 30.30-க்கு 5.45
> அக்கவுண்ட்ஸ் எக்ஸ்போர்ட் மொத்தத்தின் மேல் கணக்கிடுவதால் இரண்டும் ஒத்துப்போகவில்லை.
>
> எக்ஸ்போர்ட்டை மாற்றவில்லை. அதன் வடிவம் வெளியே முடிவானது.
> ஏற்கெனவே போட்ட பில்கள் மாறாது.
>
> டிக்கெட்: #412

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. வெளியே தெரிந்த கோளாறு, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கக்கூடிய எண்கள், யோசித்துவிட்டு ஒதுக்கிய வழி, கை வைக்காமல் விட்ட இடம். கடைசி இரண்டையும்தான் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. "எக்ஸ்போர்ட்டை ஏன் மாற்றவில்லை?" என்ற கேள்வி ரிவ்யூவில் கட்டாயம் வரும். அங்கே சொல்லும் பதிலை மெசேஜிலேயே எழுதிவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

இதைப் படிக்கப்போகிறவர் எப்படி வருவார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வரலாற்றை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வரமாட்டார். ஒரு வரியில் சந்தேகம் வந்து, அதைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் "கிட் பிளேம்" போடுவார், அல்லது ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்து "கிட் லாக் -எஸ்" (பெரிய எஸ்) மூலம் அது எப்போது வந்தது, எப்போது போனது என்று தேடுவார். கிடைத்த கமிட்டை "கிட் ஷோ" போட்டுத் திறப்பார். அவர் கையில் இருப்பது அந்த ஒரு மெசேஜ் மட்டுமே. டிக்கெட் (வேலைக் கோரிக்கைப் பதிவு) எண்ணை மட்டும் எழுதிவிட்டு விவரத்தை டிக்கெட்டில் விட்டால், டிக்கெட் மென்பொருளை நிறுவனம் மாற்றும் நாளில் அந்த எண்ணுக்குப் பொருள் போய்விடும். கமிட் மெசேஜ் கோடோடு கூடவே வரும்.

எல்லாக் கமிட்டுக்கும் இவ்வளவு நீளம் தேவையா? இல்லை. எழுத்துப்பிழையைத் திருத்தினால் "உதவிப் பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்து" என்ற தலைப்பு வரி போதும்.

தலைப்பு 50 எழுத்து, உடல் வரிக்கு 72 எழுத்து என்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? மீறினால் கிட் மறுக்குமா?
– திருச்சி வாசகி

மறுக்காது. 500 எழுத்தில் தலைப்பு போட்டாலும் கிட் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும்.

72-க்குக் கணக்கு உண்டு. பழைய டெர்மினலின் அகலம் 80 எழுத்து. "கிட் லாக்" மெசேஜை இடப்பக்கம் 4 இடம் தள்ளிக் காட்டும். வலப்பக்கமும் 4 விட்டால் மீதி 72. கிட் உங்கள் மெசேஜின் வரிகளைத் தானாக மடித்துத் தராது. ஒரே நீள வரியாக எழுதினால் அப்படியே சேமிக்கும், அதனால் நீங்கள்தான் மடிக்க வேண்டும். விம் எடிட்டர் கமிட் மெசேஜைத் திறக்கும்போது 72-இல் மடிக்கும்படியே அமைந்திருக்கிறது. தலைப்பில் 50-ஐத் தாண்டிய பகுதியை வேறு நிறத்திலும் காட்டும்.

50 என்பது வழக்கம், அவ்வளவுதான். கிட் ப்ராஜெக்ட்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் பட்டியலில் 72-க்கு மேல் போன தலைப்பு வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நிற்கும். லினக்ஸ் கெர்னல் தலைப்புக்கு 70 முதல் 75 வரை இடம் தருகிறது. 50-க்குள் எழுதப் பாருங்கள். இரண்டு எழுத்து கூடிவிடுகிறது என்பதற்காகப் புரியாத சுருக்கெழுத்தாக்க வேண்டாம்.

இந்த எண்களைவிட முக்கியமானது, தலைப்புக்கும் உடலுக்கும் நடுவே விடும் வெற்று வரி. கிட்டைப் பொறுத்தவரை முதல் வெற்று வரி வரைக்கும் உள்ளதெல்லாம் தலைப்புதான். அந்த வரியை விட மறந்தால் "கிட் லாக் --ஒன்லைன்" முழுப் பத்தியையும் ஒட்டி ஒரே நீளமாகக் காட்டும்.

"சேர்த்தேன்" என்பதா, "சேர்" என்பதா? ரிவ்யூவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– சேலம் வாசகர்

"சேர்". ஆங்கிலத்திலும் "ஆட்" என்ற ஏவல் வடிவம்தான் வழக்கம். "ஆடட்", "ஆட்ஸ்" இல்லை. கிட் தானாக எழுதும் மெசேஜ்கள் "மெர்ஜ் பிராஞ்ச்", "ரிவர்ட்" என்று ஏவலிலேயே தொடங்குகின்றன. உங்களுடையதும் அப்படி இருந்தால் பட்டியல் ஒரே சீராக ஓடும். உடல் பகுதியில் இந்தக் கட்டாயம் இல்லை, அங்கே சாதாரண வாக்கியம் எழுதலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2005 ஏப்ரல் 7 அன்று, கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் போட்ட கிட்டின் முதல் கமிட்டே ஏவலில் இல்லை. நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளரான "கிட்"டின் முதல் பதிப்பு என்ற பொருளில் எழுதியிருந்தார். வழக்கம் பிறகுதான் உருவானது.

எங்கள் சிறு குழு மெசேஜ்களைத் தமிழிலேயே எழுதுகிறது. 72 எழுத்து எல்லை வைத்த ஹூக் (கிட் தானாக ஓட்டும் சோதனை ஸ்கிரிப்ட்), என் மடிக்கணினியில் ஏற்றுக்கொள்ளும் அதே தலைப்பைச் சர்வரில் நீளம் என்று மறுக்கிறது. ஏன்?
– மதுரை வாசகர்

"எழுத்து" என்று நீங்கள் எண்ணுவது ஒன்று, ஹூக் எண்ணுவது வேறு. "கமிட்" என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு க, மி, ட் என்று 3 எழுத்து. யூனிகோடில் க, ம, இகரக் குறி, ட, புள்ளி என்று 5 குறியீடு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 15 பைட்.

பேஷ் ஸ்கிரிப்ட்டில் சரத்தின் நீளம் கேட்டால், லோகேல் (கணினியின் மொழி, எழுத்துக்குறி அமைப்பு) யூடிஎஃப்-8 என்றிருக்கும் கணினியில் 5 என்று வரும். சர்வரில் ஓடும் கன்டெய்னர்களில் பெரும்பாலும் லோகேல் அமைத்திருக்கமாட்டார்கள். வெறும் "சி" லோகேல்தான். அங்கே 15 வரும். அந்தக் கணக்கில் 72 என்பது 24 தமிழ்க் குறியீட்டுக்குள் முடிந்துவிடும், மூன்று நான்கு சொல்லோடு சரி. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் "எல்சி_ஆல்" மாறிக்கு "சி.யூடிஎஃப்-8" என்று மதிப்புக் கொடுங்கள், அல்லது நீளம் பார்ப்பதைப் பைத்தான் 3-க்கு மாற்றுங்கள். அது எப்போதும் குறியீட்டைத்தான் எண்ணும். தமிழுக்கு எல்லையைக் கொஞ்சம் தளர்த்துவதும் நியாயம். 72 குறியீடு என்றாலும் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 45 எழுத்துதான்.

கிட் மெசேஜை இயல்பாக யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும், சேமிப்பதில் சிக்கல் கிடையாது. "கிட் லாக்" தமிழுக்குப் பதிலாகக் கோண அடைப்புக்குறிகளாகக் கொட்டினால் குற்றம் கிட்டினுடையது அல்ல, அதைக் காட்டும் "லெஸ்" நிரலுடையது. "லெஸ்சார்செட்" என்ற சூழல் மாறியை "யூடிஎஃப்-8" என்று அமைத்தால் சரியாகும். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் \340\256\225 என்று எண்களாகத் தெரிவது வேறு பிரச்சினை; "கோர்.குவோட்பாத்" அமைப்பை "ஃபால்ஸ்" ஆக்குங்கள்.

டிக்கெட் எண்ணை முதலில் எழுதும் பழக்கம் எங்களுக்கு. சில நேரம் அந்த வரியே காணாமல் போகிறது!
– சென்னை வாசகி

எடிட்டரில் திறந்து எழுதும்போது # குறியில் தொடங்கும் வரிகளைக் கிட் குறிப்புரை என்று எண்ணி நீக்கிவிடும். "#412 வரிக் கணக்கு" என்று தொடங்கினால் முழு வரியும் போய்விடும். அது ஒன்றுதான் வரி என்றால் மெசேஜ் காலி என்று கமிட்டே நின்றுவிடும். "-எம்" போட்டு நேரடியாகக் கொடுத்தால் தப்பிக்கும். அதனால்தான் சில நேரம் இருக்கிறது, சில நேரம் இல்லை. ஆனால் அதே கமிட்டைப் பிறகு "--அமெண்ட்" செய்ய எடிட்டரில் திறந்தீர்கள் என்றால் அப்போது போய்விடும், கவனித்திருக்கவும் மாட்டீர்கள்.

எண்ணைக் கடைசியில் தனிப் பத்தியாக "டிக்கெட்: #412" என்று எழுதுங்கள். தலைப்பின் விலையுள்ள முதல் சில எழுத்துகளும் மிஞ்சும். பழக்கத்தை விட முடியாது என்றால் "கோர்.கமெண்ட்சார்" அமைப்பில் # குறிக்குப் பதில் அரைப்புள்ளியை வைக்கலாம். டீமில் ஒவ்வொருவரும் தனித்தனியே வைக்க வேண்டியிருக்கும், அதுதான் தொல்லை.

"கமிட்-எம்எஸ்ஜி" ஹூக் எழுதி வைத்தேன். எனக்கு வேலை செய்கிறது, டீமில் மற்றவர்களுக்கு இல்லை.
– பெங்களூர் வாசகர்

ஹூக்குகள் ".கிட்" ஃபோல்டருக்குள் இருக்கின்றன, குளோன் செய்யும்போது (ப்ராஜெக்ட்டை நகலெடுக்கும்போது) அவை போகாது. பாதுகாப்புக்காக அப்படி. யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் தானாக ஓடுவதை நீங்களும் விரும்பமாட்டீர்கள். ப்ராஜெக்ட்டுக்குள் "ஹூக்ஸ்" என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் ஸ்கிரிப்ட்டைக் கமிட் செய்யுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒருமுறை "கோர்.ஹூக்ஸ்பாத்" அமைப்பில் அந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும். இது கிட் 2.9 (2016) முதல் உண்டு. கோப்புக்கு இயங்கும் அனுமதி இல்லாவிட்டால் ஹூக் ஓடாது. மேக்கிலும் லினக்ஸிலும் பாதிப் புகார்கள் இதனால்தான் வருகின்றன.

ஹூக்குக்கு மெசேஜ் இருக்கும் கோப்பின் பாதை முதல் ஆர்கியூமென்ட்டாக வரும். பூஜ்யம் தவிர வேறு எதைத் திருப்பினாலும் கமிட் நின்றுவிடும். நிறுத்தும்போது ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி அச்சிடுங்கள். "மெர்ஜ்", "ரிவர்ட்", "ஃபிக்ஸ்அப்!" என்று தொடங்கும் தலைப்புகளை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கிட் தானே எழுதிய மெசேஜை உங்கள் ஹூக் மறுக்கும். "--நோ-வெரிஃபை" போட்டு யாரும் ஹூக்கைத் தாண்டிவிடலாம் என்பதால், உண்மையான காவல் சர்வரில் ஓடும் சோதனைதான்.

கன்வென்ஷனல் கமிட்ஸ் முறைக்கு மாறலாமா?
– ஈரோடு வாசகர்

"ஃபீட்:" (புது வசதி), "ஃபிக்ஸ்:", "டாக்ஸ்:" (ஆவணம்) என்று வகையைத் தலைப்பின் முன்னால் வைப்பது அந்த முறை. அதன் லாபம் கருவிகளுக்கு. வெளியீட்டு எண்ணைத் தானாக உயர்த்தும் கருவி "ஃபிக்ஸ்" கண்டால் 1.4.2-ஐ 1.4.3 ஆக்கும், "ஃபீட்" கண்டால் 1.5.0, வகைக்குப் பின் ஆச்சரியக்குறி கண்டால் 2.0.0. லைப்ரரி வெளியிடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

அப்படிப்பட்ட கருவி எதுவும் உங்களிடம் இல்லை என்றால் எங்கள் பரிந்துரை: வேண்டாம். வகைக்குப் பதில் இடத்தை எழுதுங்கள் – "பில்:", "லாகின்:", "எக்ஸ்போர்ட்:". பக் தேடுகிறவருக்கு "ஃபிக்ஸ்" என்பதைவிட "பில்" என்பது அதிகம் சொல்லும். அந்த முறைக்கு மாறிய டீம்களில் வழக்கமாக நடப்பது, எதில் சேர்ப்பது என்று தெரியாததெல்லாம் "சோர்:" (சில்லறை வேலை) ஆகிவிடுவது. பயனருக்குத் தெரியும் மாற்றம் ஒன்று "சோர்" ஆகப் போனால் வெளியீட்டுக் குறிப்பில் அது வராது.

தவறான மெசேஜோடு கமிட் செய்துவிட்டேன். எப்படி மாற்றுவது? புஷ் செய்தபிறகும் (சர்வருக்கு அனுப்பியபிறகும்) மாற்றலாமா?
– புதுச்சேரி வாசகி

கடைசிக் கமிட் என்றால் "கிட் கமிட் --அமெண்ட்". அதற்கு முன் "கிட் ஆட்" எதுவும் செய்திருக்கிறீர்களா என்று "கிட் ஸ்டேட்டஸ்" போட்டுப் பாருங்கள். செய்திருந்தால் அதுவும் பழைய கமிட்டில் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும்.

இன்னும் பின்னால் இருந்தால், மூன்று கமிட்டுக்கு முன் வரை என்று வையுங்கள், "கிட் ரீபேஸ் -ஐ ஹெட்~3". வரும் பட்டியலில் அந்தக் கமிட்டின் "பிக்" என்பதை "ரீவேர்ட்" என்று மாற்றி மூடுங்கள். எடிட்டர் மறுபடி திறக்கும். மெசேஜை அந்தப் பட்டியலிலேயே திருத்தினால் ஒன்றும் நடக்காது, பலரும் விழும் இடம் இது.

மெசேஜும் சேர்ந்துதான் கமிட்டின் ஹேஷ் (அதன் அடையாளக் குறி) கணக்காகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கமிட்டுக்கும் அதன் பின் வந்த அத்தனைக்கும் புது ஹேஷ். ஆகவே புஷ் செய்தது உங்கள் தனி பிராஞ்ச் என்றால் மாற்றிவிட்டு "--ஃபோர்ஸ்-வித்-லீஸ்" கொடுத்துப் புஷ் செய்யலாம். இடையில் வேறொருவர் அதில் ஏதாவது போட்டிருந்தால் இது மறுத்துவிடும், வெறும் "--ஃபோர்ஸ்" அழித்துவிடும். எல்லோரும் வேலை செய்யும் மெயின் பிராஞ்ச்சில் எழுத்துப்பிழைக்காக வரலாற்றைத் திருத்தாதீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

மெசேஜில் பாஸ்வேர்டோ டோக்கனோ போய்விட்டால் மட்டும் வேறு கதை. முதல் வேலை அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு. புஷ் ஆன நிமிடத்திலேயே யாரோ அதை இழுத்திருக்கலாம்.

ஒரு நாள் முழுக்க வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் மொத்தமாகக் கமிட் செய்தால் மெசேஜ் எழுத வரவில்லை. என்ன எழுதுவது?
– திருநெல்வேலி வாசகர்

மெசேஜ் வராததற்குக் காரணம் மெசேஜில் இல்லை, கமிட்டில். தலைப்பில் "மற்றும்" வந்தால் பிரிக்கச் சொல்லும் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"கிட் ஆட் -பி" மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். ஒய் என்றால் சேர், என் என்றால் விடு, எஸ் என்றால் இன்னும் சிறிதாக உடை. ஒரே துண்டில் இரண்டு வேலை கலந்து, உடைக்கவும் முடியாவிட்டால் ஈ போட்டுக் கையால் திருத்தலாம். புதிதாக உருவாக்கிய கோப்புகளை இது காட்டாது. அவற்றைத் தனியே "கிட் ஆட்" செய்ய வேண்டும். பிறகு "கிட் கமிட் -வி" போட்டால், எடிட்டரில் மெசேஜுக்குக் கீழே டிஃப்பும் இருக்கும், பார்த்துக்கொண்டே எழுதலாம்.

முக்கியமாக, ஃபார்மேட் மாற்றத்தையும் லாஜிக் மாற்றத்தையும் ஒரே கமிட்டில் போடவே போடாதீர்கள். 900 வரி இடைவெளி மாற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நிபந்தனை மாற்றத்தை எந்த ரிவ்யூவரும் பிடிக்கமாட்டார். ஃபார்மேட் கமிட்டைத் தனியாக வைத்தால் இன்னொரு லாபம்: அதன் ஹேஷை ஒரு கோப்பில் எழுதி "பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்" அமைப்பில் கொடுத்தால் "கிட் பிளேம்" அதைத் தாண்டி உண்மையான ஆசிரியரைக் காட்டும். கிட் 2.23 (2019) முதல் இந்த வசதி இருக்கிறது.

புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றங்களை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) ஸ்குவாஷ் மெர்ஜ்தான் செய்கிறோம், அதாவது எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்க்கிறோம். அப்படியானால் ஒவ்வொரு கமிட் மெசேஜையும் பார்த்துப் பார்த்து எழுதுவது வீண்தானே?
– ஹைதராபாத் வாசகி

பாதி சரி. மெயின் பிராஞ்ச்சில் நிற்கப்போவது ஸ்குவாஷ் ஆகும் அந்த ஒரு மெசேஜ்தான். உழைப்பை அங்கே வையுங்கள். ஆனால் கவனிக்காமல் பொத்தானை அழுத்தினால் "ஃபிக்ஸ் டெஸ்ட்", "மறுபடி ஃபிக்ஸ்" என்று பதினைந்து வரிப் பட்டியலே உடலாகப் போய் உட்காரும். கிட்ஹப்பில் ரெப்பாசிட்டரி செட்டிங்ஸில், ஸ்குவாஷ் மெசேஜாகப் புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பையும் விளக்கத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பிறகு விளக்கத்தைக் கமிட் மெசேஜ் போலவே எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட், "ரிவ்யூ பண்ணுங்க ப்ரோ" எல்லாம் கமெண்ட்டுக்குப் போகட்டும்.

ரிவர்ட் செய்தால் கிட்டே மெசேஜ் எழுதித் தருகிறது. அப்படியே விடலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

விடாதீர்கள். எந்தக் கமிட்டைத் திருப்பியது என்பதை மட்டும் அது எழுதும், காரணம் இருக்காது. காரணம் தெரியாத ரிவர்ட்டை அடுத்த மாதமே யாராவது மறுபடி உள்ளே கொண்டுவருவார்கள். என்ன உடைந்தது, என்ன சரியானால் திரும்பச் சேர்க்கலாம் என்று இரண்டு வரி கீழே சேருங்கள்.

ஏஐ கருவி டிஃப்பைப் பார்த்து மெசேஜ் எழுதித் தருகிறதே?
– கடலூர் வாசகர்

டிஃப்பில் உள்ளதை அது நன்றாகச் சொல்லும். ரூ.10.10 பில் டிஃப்பில் இல்லை. தலைப்புக்கு உதவி வாங்கிக்கொண்டு காரணத்தை நீங்கள் எழுதுங்கள்.

லினக்ஸ் கெர்னலுக்கு முதல் பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பப்போகிறேன். "சைன்ட்-ஆஃப்-பை", "ஃபிக்ஸஸ்" வரிகள் கட்டாயமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

"சைன்ட்-ஆஃப்-பை" கட்டாயம், இல்லாவிட்டால் பேட்ச்சை எடுக்கமாட்டார்கள். இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. கெர்னல் கோடின் உரிமை குறித்து எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது 2003-இல் வழக்குப் போட்டதைத் தொடர்ந்து 2004-இல் வந்த ஏற்பாடு. "கிட் கமிட் -எஸ்" (சிறிய எஸ்) அந்த வரியைத் தானாகச் சேர்க்கும். பெரிய எஸ் போட்டால் அது ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையெழுத்து, முற்றிலும் வேறு.

"ஃபிக்ஸஸ்" வரி, குறிப்பிட்ட ஒரு கமிட் கொண்டுவந்த பக்கைத் திருத்தினால் மட்டும். அந்தக் கமிட்டின் ஹேஷில் முதல் 12 எழுத்து, பிறகு அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு அதன் தலைப்பு. நீளமானாலும் இந்த வரியை மடிக்கக் கூடாது, கருவிகள் இதை ஒரே வரியாகத்தான் தேடும். தலைப்பின் முன்னொட்டுக்கு, நீங்கள் தொட்ட கோப்பின் மேல் "கிட் லாக் --ஒன்லைன்" போட்டு மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். அனுப்பும் முன் "ஸ்கிரிப்ட்ஸ்" ஃபோல்டரில் உள்ள "செக்பேட்ச்" நிரலை ஓட்டுங்கள்.